பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுபோன படங்கள்

என் கணவருடைய சத்தம் பெரிய சத்தம். முட்டத்துப் பாறையில் நின்று அவர் கூப்பிட்டால், வள்ளத்தில் வலை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் ஒரு மழை மாதத்தில் நின்றுபோனது. காலையில் முகம் கழுவப் போனவர் கையில் செம்போடு அப்படியே சுவரில் சாய்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது வலது கை மடங்கியிருந்தது. நாக்கில் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது.

"அது."

தண்ணீர் வேண்டுமென்றாலும் அது. ஜன்னலை அடைக்கச் சொன்னாலும் அது. நான் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அவர் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், கையெழுத்துப் போடுவார், பலகையில் எழுதியிருப்பதை மெல்ல எழுத்துக்கூட்டி வாசிப்பார். இடது கையில் பென்சில் கொடுத்துப் பார்த்தேன். கோடு வந்தது, எழுத்து வரவில்லை. சொல் தங்கும் இடத்தில்தான் அடி, எழுத்தும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது என்றார் டாக்டர். நான் பத்தாம் வகுப்பில் நின்றவள். அவர் சொன்னது எனக்கு அன்றைக்கு ஒரு கதை போலத்தான் கேட்டது.

அடுத்த மாத முதல் வெள்ளிக்கிழமை பங்குத்தந்தை நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுவந்தார். மெழுகுதிரி கொளுத்தி, வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தேன். அப்பத்தை உயர்த்திக் காட்டியபோது என் கணவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். இடது கையால் நெஞ்சில் தட்டினார். பிறகு விரல்களை விரித்து, முகத்துக்கு முன்னால் சன்னல் கம்பி மாதிரி பிடித்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தைக்கும் பாவத்தைச் சொல்கிறவருக்கும் நடுவில் நிற்கும் கம்பித் தட்டி.

"அவரு பாவசங்கீர்த்தனம் பண்ணணும்ணு சொல்லுதாரு ஃபாதர்" என்றேன்.

பங்குத்தந்தை கட்டிலில் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தார். "மனசுல நெனச்சு, தலைய ஆட்டுங்க, போதும். பேச முடியாதவங்களுக்குச் சபை அவ்வளவுதான் கேக்குது. நான் பாவமன்னிப்புத் தாறேன்."

அவர் தலையை ஆட்டவில்லை. "அது, அது" என்று மறுபடியும் விரலை விரித்துக் காட்டினார். கண் நிறைந்து வழிந்தது. அவர் சுபாவம் எனக்குத் தெரியும். கடலில் கண்டதைக் கண்டவனே கரையில் சொல்ல வேண்டும், இன்னொருத்தன் சொன்னால் கதையாகிவிடும் என்பார். தலையாட்டிவிட்டு மன்னிப்பு வாங்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிறு தவறாமல் நன்மை வாங்கிய மனுஷன் மாதக்கணக்கில் வாங்காமல் கிடந்தார். வருஷத்தில் ஒரு தடவை, ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கு காலத்திலாவது வாங்க வேண்டும் என்பது எங்களுக்குக் கட்டளை. அதற்குள் அவர் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது?

வழியைக் காட்டியது பக்கத்து ஊர்த் திருவிழா அழைப்பிதழ். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பக்கத்திலும் கறுப்பில் ஒரு சின்னப் படம் அச்சடித்திருந்தார்கள். கொடியேற்றத்துக்குக் கொடி, மாலை ஆராதனைக்கு மெழுகுதிரி, அன்பின் விருந்துக்குத் தட்டும் கரண்டியும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கொடியின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

"கொடி ஏத்தியாச்சாண்ணு கேக்கியளா? ஏத்தியாச்சு. நேத்தே ஏத்தியாச்சு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், மாதாவே, அதை நான் எப்படி எழுதுவேன். மாசங்களுக்குப் பிறகு என் கணவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன்.

கை கால் பயிற்சிக்காக அவரைத் தக்கலைக்குக் கூட்டிப்போவது வழக்கம். பயிற்சி நடக்கும் மாடிக்குக் கீழேதான் அந்த அழைப்பிதழை அடித்துக்கொடுத்த நெட் சென்டர். என்னைவிட இளையவள் ஒருத்தி நடத்திக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை குவைத்தில். அழைப்பிதழை நீட்டி, இந்தப் படங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"அக்கா, அது படமில்ல, எழுத்து" என்றாள்.

"என்னட்டி வெளயாடுதியா? கொடியில்லா இது?"

"இங்கன பாருங்க." விசைப்பலகையில் இங்கிலீஷ் எஃப் எழுத்தைத் தட்டினாள். திரையில் கொடி நின்றது. இன்னொன்றைத் தட்டினாள், மெழுகுதிரி. "இது ஒரு ஃபாண்டு. எழுத்துக்குப் பதிலா படம் வரைஞ்சு வச்சிருக்கான். நமக்குப் படம், கம்ப்யூட்டருக்கு எழுத்து."

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டத் தட்ட, வெள்ளைத் திரையில் சாவி, குடை, பறவை, படகு, கை என்று ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. சொல் போன வீட்டிலேயே எழுத்தும் குடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னாரே, இங்கே எழுத்துக்குள்ளே ஒரு கடலும் கரையும் குடியிருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று தோன்றியது.

என் கணவரின் தம்பி துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய தொடுதிரை போன் என்னிடம் இருந்தது. அவள் சில படங்களைத் தட்டி அதற்கு அனுப்பினாள். வந்ததைத் திறந்தால் கொடி இல்லை, திரி இல்லை. வெறும் இங்கிலீஷ் எழுத்துகள் வரிசையாக நின்றன.

"ஒங்க போன்ல அந்த ஃபாண்டு இல்லக்கா. அதான் வேஷம் களஞ்சு நிக்குது" என்றாள். "ஒண்ணு செய்யலாம். ஃபாண்டு ஃபைல அப்படியே குடுத்தா, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி ஐகானா, படமா மாத்தித் தார சைட்டு நெட்ல உண்டு. படமா மாறிட்டா எந்தப் போன்லயும் தெரியும்."

அப்படியொரு பக்கத்தைத் தேடித் திறந்தாள். ஃபைலை ஏற்றும்போது ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. நடுவில் நின்றது. பிறகு ஊர்ந்தது. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நான் மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன். கோடு முடிந்ததும் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள் விரிந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே டிக் போட ஒரு சின்னப் பெட்டி. எது வேண்டும், எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்று கேட்டது.

அன்றைக்கு நான் டிக் போட்டவை எல்லாம் பாவங்கள். ஞானோபதேச வகுப்பில் படித்த பத்துக் கட்டளைகளை வரிசையாக நினைத்துப் பார்த்து, என் கணவருக்கு எது பொருந்தும் என்று நானே தேர்ந்தெடுத்தேன். கோபத்துக்கு மடக்கிய முஷ்டி. சீட்டு விளையாட்டுக்குச் சீட்டு. கெட்ட வார்த்தைக்குத் திறந்த வாய். பூசைக்குப் போகாமல் தூங்கியதற்குக் கட்டில். குடிக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை. அந்தக் கோப்பை ஒற்றைக் காலில் நின்றது, விளிம்பில் ஏதோ காய் சொருகியிருந்தது. வேறு கோப்பை இல்லை.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் எல்லாம் கறுப்பு. ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த தடவை தக்கலை போனபோது அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். படத்துக்குப் பின்புறம் ஒன்றுமில்லாமல் கண்ணாடி போல விட்டுவிட்டதாம். என் போன் கறுப்புப் பின்னணியில் காட்டுகிறது. கறுப்பில் கறுப்பு. "படம் உள்ளதான் இருக்கு, நமக்குத்தான் தெரியல்ல" என்றாள். பின்புறத்துக்கு வெள்ளை கொடுத்து, அளவையும் கூட்டி, மறுபடியும் மாற்றித் தந்தாள்.

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த மைனி, அவருடைய அக்கா, கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி இது? பாவத்துக்குப் போட்டோ எடுக்கியா?"

"ஐகான் மைனி. நெட்டுல மாத்தினது."

"நெட்டுல மாத்தினாலும் பாவம் பாவந்தான். அவன் பாவத்த ஒக்க இந்தப் போன்ல அடைக்க முடியுமா? எடம் காணாது." தம்பியைப் பார்த்தாள். "என்னலே, எடம் காணுமா?"

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கோப்பைப் படம் வந்ததும் மைனி குனிந்து உற்றுப் பார்த்தாள். "இது என்ன குத்துவெளக்கா?"

"குடிக்கிற கிளாஸ்."

"இதுலயா? இவன் குடிச்சது ஒடஞ்ச பிளாஸ்டிக் டம்ளர்லல்லா!"

அவர் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று வந்தது. மூவரும் சிரித்தோம். மீன் நாற்றமும் உப்புக் காற்றுமாக, அந்த அறை கொஞ்ச நேரம் திருவிழா வீடு மாதிரி இருந்தது.

ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு எது என்று நான் கேட்டபோது அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். முஷ்டியா? இல்லை. சீட்டா? இல்லை. எல்லாவற்றையும் காட்டி முடித்தேன். திரும்பவும் முதலிலிருந்து காட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. நான் படம் கொண்டுவராத பாவம் ஒன்று இருக்கிறது. அது என்ன? சோற்றை வடிக்கும்போதும் அதே எண்ணம், துணி அலசும்போதும் அதே எண்ணம். களவா? ஆழ்கடலில் யார் வலையையாவது அறுத்தாரா? ஒரு மத்தியானம் தாங்கமாட்டாமல் கேட்டே விட்டேன்.

"இஞ்ச பாருங்க, பொம்பளைக் காரியமா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. ரொம்ப தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரி, வள்ளத்திலிருந்து கரையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவில் கடல் பால் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. அதன் மேல் கறுப்புப் படங்கள் மிதந்தன. சாவியும் குடையும் பறவையும் அலை ஏறி ஏறி இறங்கின. அவர் வள்ளத்தில் நின்று வலை வீசினார். நான் கரையில் நின்று, "அத எடுக்காதுங்க, இத எடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். என் சத்தம் அவருடைய பழைய சத்தமாக இருந்தது. அவர் காதில் விழாதவர் போல வலையை மடித்துக்கொண்டிருந்தார். விழித்தபோது வெயில் கட்டிலின் காலடியில் கிடந்தது. அவர் தூங்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிந்ததும் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தேன். போனைக் காட்டி நடந்ததெல்லாம் சொன்னேன். "எந்தப் பாவத்துக்குப் படம் சேக்கணும்ணு எனக்குத் தெரியல்ல ஃபாதர். நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தாச்சு. இல்லண்ணு தலைய ஆட்டுதாரு."

அவர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒற்றைக்கால் கோப்பை வந்ததும் கொஞ்சம் சிரித்தார். பிறகு போனை என் கையில் திருப்பித் தந்தார்.

"அம்மா, பாவசங்கீர்த்தனம் நீங்க கேக்குதீங்களா, நான் கேக்கணுமா?"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "நீங்க பாவத்தத் தெரிஞ்செடுத்துக் குடுத்தா, அதுல ஒண்ணத்தான் அவரு தொடணும். தொட்டா நீங்க பாத்திருவீங்க. பின்ன அவரு எப்பிடித் தொடுவாரு?"

கோயிலை விட்டு இறங்கி வரும்போது மண்ணில் கால் புதைந்து புதைந்து வந்தது. எதிரே கடல் ஒரு சத்தமும் இல்லாமல் மின்னியது. சொல்கிறவர் முகம் தெரியாமலிருக்கத்தான் கம்பித் தட்டிக்குத் துணி போட்டு மூடுகிறார்கள் என்று சின்னப் பிள்ளையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. அந்தத் துணிக்குள் நான் இத்தனை நாளும் தலையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மனுஷனுக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்பில்தான்.

மறுநாள் பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது, நெட் சென்டர்க்காரியிடம் சொன்னேன். "எல்லாத்தையும் மாத்திக் குடு."

"எல்லாத்தையுமா? எந்த எழுத்துண்ணு டிக் போடுங்கக்கா."

"டிக் வேண்டாம். ஒங்கிட்ட படம் உள்ள ஃபாண்டு எத்தன உண்டோ, எல்லாத்தையும் முழுசா மாத்து."

"ஏக்கா, இதுல மண்டையோடு கெடக்கு. பாம்பு, கத்திரிக்கோலு, ராக்கெட்டு... அண்ணன் ராக்கெட்ட வச்சு என்ன செய்யப் போறாரு?"

"கெடக்கட்டு. வேணுமா வேண்டாமாண்ணு அவருக்குத் தெரியும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேலே இருந்த ஒரு பெட்டியில் மட்டும் டிக் போட்டாள். கீழே இருந்த எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நொடியில் டிக் விழுந்தது, மழை விழுவதுபோல. நீலக் கோடு ஊர்ந்தது. ஒவ்வொரு ஃபாண்டுக்கும் ஒரு கோடு. எல்லாம் ஒரு பொதியாகச் சுருண்டு இறங்கி, அவிழ்த்ததும் திரையில் கொட்டின. நான் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை. வெளியே தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நாகர்கோவில் பஸ் ஒன்று வெயிலுக்குள் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் அவர் இடது கையில் போனைக் கொடுத்தேன். "எல்லாம் உண்டு. நான் பாக்கல்ல. பாக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அவர் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தார். சில நேரம் ஒன்றிலேயே நின்றிருப்பார் போல, அசைவே தெரியாது. எனக்கு உள்ளே அரித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். விரலுக்கும் ஒரு வேலை வேண்டுமே. அந்தப் பக்கம் அவர் விரல், இந்தப் பக்கம் என் விரல், நடுவில் ஒரு சுவர். அப்படியே அந்தச் சாயங்காலம் போனது.

பெரிய வியாழனன்று பூசைக்கு முன்பே அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பங்குத்தந்தை பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டு, கம்பித் தட்டி இல்லாமல், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நான் தூரத்தில் தூணுக்கு இந்தப் பக்கம் முழங்காலில் நின்றேன். பாதம் கழுவும் சடங்குக்குக் கொண்டுவந்த தண்ணீர் பக்கத்தில் அண்டாவில் தளும்பியது. அதன் வெளிச்சம் கூரையில் ஆடியது. எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை மட்டும் தலை தானாகத் திரும்பிவிட்டது. போன் வெளிச்சம் இரண்டு பேர் முகத்திலும் விழுந்திருந்தது. பங்குத்தந்தை ஏதோ கேட்டார். என் கணவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு படத்துக்குத் தள்ளினார். இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒரு பாவத்துக்கு ஒரு படம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் படத்துக்குப் பின் படமாக வைத்து ஒரு முழு சங்கதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். பங்குத்தந்தையின் தலை குனிந்து குனிந்து வந்தது. கடைசியில் கை உயர்ந்து சிலுவை போட்டது.

என் கணவர் தடுமாறி எழுந்து என்னிடம் வந்தார். போனை என் கையில் கொடுத்துவிட்டு முழங்காலில் நின்றார். திரை இன்னும் வெளிச்சமாகவே இருந்தது. கடைசியாகத் தொட்ட படம் அதில் இருந்திருக்கும். நான் அதை முந்தானைக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது, ஒரு சின்ன உயிர் மாதிரி.

பூசையில் நன்மை கொடுக்கும் நேரம் வரிசையில் அவரைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். அப்பம் அவர் முன்னால் உயர்ந்தது. "கிறிஸ்துவின் திருவுடல்." மற்றவர்கள் ஆமென் என்று சொன்ன இடத்தில் அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. வாயைத் திறந்தார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது என் தோளில் அவர் பாரம் முழுவதும் விழுந்தது. அது பாரமாகவே தெரியவில்லை.

வெளியே வந்தபோது மேற்கே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. கோயில் மதிலோரத்துச் சாயாக்கடையில் கூட்டம் நின்றது. அவர் என் முந்தானையைத் தொட்டார். போன் வேண்டுமாம். கவிழ்த்தபடியே எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கலங்கரை விளக்கம் சுற்றத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் என் கையைத் தட்டினார். திரையைத் திருப்பி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

தட்டின் மேல் ஒரு கோப்பை. அதிலிருந்து மூன்று ஆவிக் கோடுகள் வளைந்து எழும்பின.

"சாயாவா?"

தலையை ஆட்டினார். கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார். "அண்ணனுக்குச் சீனி போடவா, வேண்டாமா?"

டாக்டர் சீனியைக் குறைக்கச் சொல்லியிருந்தார். பதில் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். சீனிக்குப் படம் அதில் இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மெதுவாகத்தான் தேடினார்.

"செத்த நில்லுங்க" என்றேன் கடைக்காரரிடம். "அவரே சொல்லட்டு."